தீபாவளிக்கு அப்புறம் யார் இருப்பார்கள்?

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் பிரைட்டன் அணி தன் ஊரில் வைத்து லெஸ்டரை 5-2 என்று துவைத்து எடுத்தது. என் அக்கா மகன் அப்போது சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருந்தான். பல்கலைக்கழகமும் பிரைட்டனின் ஆமெக்ஸ் மைதானமும் ஃபால்மர் என்ற ஒரே இடத்தில் இருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கி இந்தப் பக்கம் போனால் படிப்பு, அந்தப் பக்கம் போனால் பந்து. பையன் எந்தப் பக்கம் அதிகம் போனான் என்று அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் பிரைட்டன் ரசிகன் ஆனது அவனால்தான். அவன் அனுப்பும் குரல்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஹாட்ஸ்டாரில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். அந்த ஞாயிறு ஆறு ஆட்டம் முடிந்து 13 புள்ளி, நான்காம் இடம். பிரைட்டன் மாதிரி ஒரு கிளப்புக்கு அது கனவு. மேலே முடிக்கிற சில அணிகளுக்குத்தான் அடுத்த வருடம் ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் இடம். "மாமா, இந்த வருசம் ஐரோப்பாவுக்குப் போறோமுங்க" என்றான், ஏதோ அவனே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவன் போல.

நாலு நாள்தான். வியாழக்கிழமை அடுத்த குரல்பதிவு வந்தது. "மாமா, பாட்டர் போயிட்டாருங்க. செல்சிக்கு. கூட இருந்தவங்களையும் கூட்டிட்டு ஆறு பேராப் போயிட்டாங்க." கிரஹாம் பாட்டர்தான் பிரைட்டனின் மேலாளர், அதாவது தலைமைப் பயிற்சியாளர்; செல்சி லண்டனின் பெரிய கிளப். அன்று மாலையே எலிசபெத் ராணி காலமான செய்தியும் வந்தது. இங்கிலாந்தே துக்கத்தில் இருந்தது. என் அக்கா மகன் வேறு துக்கத்தில் இருந்தான். அந்த வாரக் கடைசி ஆட்டங்கள் எல்லாம் தள்ளி வைக்கப்பட்டன. பிரைட்டனுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை அங்கே யாரிடமாவது சொல்லிவிடாதே என்று அவனை எச்சரித்தும் வைத்தேன்.

எனக்கு அந்த 'ஆறு பேரா' என்ற சொல் மனதில் சிக்கிக்கொண்டது. பாட்டரோடு போனவர்கள் யார் யார் என்று பாருங்கள். துணைப் பயிற்சியாளர் பில்லி ரீட், பியோர்ன் ஹாம்பெர்க், பிரைட்டனின் பழைய கேப்டன் புருனோ, கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் பென் ராபர்ட்ஸ், ஆள் தேடும் வேலையில் இருந்த கைல் மெக்காலே. ஒரு பட்டறையின் மூளை, கண், வலது கை எல்லாம் ஒரே வேனில் ஏறிப் போன மாதிரி.

எனக்கு இது தெரிந்த கதை. இருபத்தெட்டு மெஷின் போட்டு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் என்னுடையது. எங்கள் ஊரில் ஆள் மாறும் காலம் என்று ஒன்று உண்டு. தீபாவளிக்கு போனஸ் கொடுப்போம். போனஸை வாங்கிக்கொண்டு எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். பத்து நாள் கழித்து யூனிட்டைத் திறந்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்போம், யார் வருகிறார், யார் வரவில்லை என்று. 2019 தீபாவளிக்கு அப்புறம் என் கட்டிங் மாஸ்டர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, மிக்சர் பாக்கெட்டும் மைசூர்பாகுமாக வந்து நின்றார். பெரிய கம்பெனி ஒன்றில் கூப்பிட்டிருக்கிறார்களாம். பேர் வேண்டாம், அவர்களிடம் இன்றைக்கும் நான் வேலை வாங்கிச் செய்கிறேன். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, ஷிஃப்டுக்கு இருநூறு ரூபா சேத்திக் குடுக்கறாங்க" என்றார். அந்த வாரமே ஓவர்லாக் டெய்லர் இரண்டு பேர், செக்கிங் பார்க்கிற அக்கா ஒருத்தர் என்று பின்னாலேயே போய்விட்டார்கள். நல்ல மாஸ்டர் தனியாகப் போவதில்லை. அவர் கைக்குப் பழகிய ஆட்களும் போவார்கள். அந்த மாதம் இரண்டு ஆர்டர் தாமதமாகி நான் பட்ட பாடு வேறு கதை.

அதனால் பிரைட்டன் இதை எப்படித் தாங்கும் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு சொந்த அக்கறை வந்துவிட்டது. ரசிகனின் அக்கறையும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஓனரின் அக்கறைதான் ஜாஸ்தி.

முதலில், ஏன் போகிறார்கள் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஆமெக்ஸில் கிட்டத்தட்ட 32 ஆயிரம் பேர் உட்காரலாம். மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில் 74 ஆயிரம் பேர். டிக்கெட், விளம்பரம், ஐரோப்பியப் போட்டிகளின் பணம் எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் தெரியும். பெரிய கிளப் கொடுக்கும் சம்பளத்தை இவர்கள் கொடுத்தால் இரண்டு வருடத்தில் கடையை மூட வேண்டியதுதான். அப்புறம், ஆட்டக்காரனின் கால் இருபத்தொன்பது வயது வரைக்கும் நன்றாக ஓடும், அதற்குள் சம்பாதிக்க வேண்டும். பயிற்சியாளருக்கோ, செல்சி மாதிரி ஓர் அழைப்பு இரண்டாவது தடவை வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டருக்கு பிரைட்டனில் 2025 வரை ஒப்பந்தம் இருந்தது. செல்சி 2 கோடி பவுண்டுக்கும் மேல் நஷ்டஈடு கட்டிக் கூட்டிப் போனது என்று அப்போது எழுதினார்கள். ஒரு மேலாளருக்கு அது அதிர வைக்கும் தொகை.

கையில் ஒப்பந்தம் இருந்தால் ஆளைப் பூட்டி வைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். பூட்டெல்லாம் இல்லை. வாங்க வருகிறவன் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டெய்லருக்கு முப்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து வைப்போம், கடன் இருக்கிறவரை போக மாட்டார் என்ற தைரியத்தில். அடுத்த கம்பெனிக்காரர் அந்த முப்பதாயிரத்தைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப் போவார். அட்வான்ஸ் எவ்வளவோ அதுதான் அந்த ஆளின் விலை.

பிரைட்டனில் இதற்கு இரண்டு உதாரணம், ஒரே கோடையில்.

அலெக்சிஸ் மக் அலிஸ்டர் 2022 டிசம்பரில் அர்ஜென்டினாவோடு உலகக் கோப்பை வென்றவர். இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் இரண்டாவது கோலை டி மரியா அடிக்கப் பந்தை நீட்டியவர். ஆறு மாதம் கழித்து லிவர்பூலுக்குப் போனார், சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு. உலக சாம்பியனுக்கு இது சல்லிசான விலை. உலகக் கோப்பைக்கு முன்னால் போட்ட ஒப்பந்தத்தில், இன்ன தொகை வந்தால் போகலாம் என்று ஒரு ஷரத்து இருந்ததாகச் சொன்னார்கள். அந்த ஷரத்து இல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி. ஒரு வருடம் கூடுதலாக இருக்க வைப்பதற்கு பிரைட்டன் கொடுத்த கூலி அது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொருவர் மொய்செஸ் கைசேடோ. இவர் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஈக்வடாரின் சாந்தோ டொமிங்கோவைச் சேர்ந்த ஏழைக் குடும்பம், பத்துப் பிள்ளைகளில் கடைசி. 2021 தொடக்கத்தில் பிரைட்டன் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியதும் களத்தில் இறக்கிவிடவில்லை. பெல்ஜியத்தில் ஒரு கிளப்புக்குக் கடனாக அனுப்பி, 2022 ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அதற்கடுத்த ஜனவரியில், அதாவது 2023இல், பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஆர்சனல் வந்து கதவைத் தட்டியது. முதலில் 6 கோடி பவுண்டு. பிரைட்டன் முடியாது என்றது. அப்புறம் 7 கோடி. அதற்கும் முடியாது. 45 லட்சம் போட்ட இடத்தில் 7 கோடி! நானாக இருந்தால் பையனுக்குப் பொட்டி கட்டிக் கொடுத்து, டாக்சிக்கும் நானே காசு கொடுத்திருப்பேன்.

கைசேடோ இன்ஸ்டாகிராமில் பகிரங்கமாக ஒரு கடிதம் போட்டார். தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லி, இந்த அருமையான வாய்ப்பை நான் பிடித்துக்கொள்வதை ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியிருந்தார். கிளப் அவரைத் திட்டவில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தை மூடும்வரை பயிற்சிக்கு வர வேண்டாம், வீட்டில் இரு என்று சொல்லிவிட்டது. அக்கா மகன் கொதித்துப் போய்விட்டான். "துரோகி மாமா அவன்." நான், "டேய், உனக்கு லண்டன்ல ரெண்டு மடங்கு சம்பளத்துக்கு வேலை கிடைச்சா நீ என்ன பண்ணுவே?" என்றேன். பதிலே வரவில்லை. அவன் அப்போது லண்டனில் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

சந்தை மூடியது. பையன் பயிற்சிக்குத் திரும்பினான். மார்ச் மாதம் அதே கிளப்பில் 2027 வரை புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். செய்தித்தாள்காரர்கள் 'மனம் மாறினார்' என்று எழுதினார்கள். மனம் எல்லாம் மாறவில்லை என்பது என் கணிப்பு. சம்பளம் உயர்ந்தது. கிளப்புக்கு விலைச்சீட்டு உயர்ந்தது. இரண்டு பேருக்கும் தெரியும், ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆனால் அந்த நடுவில் உள்ள நாலு மாதம் இருக்கிறதே, அதில்தான் பிரைட்டன் 62 புள்ளி எடுத்து ஆறாம் இடத்தில் முடித்தது, தன் வரலாற்றில் முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைந்தது. ஜனவரியில் 7 கோடியை வாங்கிப் போட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

ஆகஸ்டில் லிவர்பூல் 11.1 கோடி பவுண்டுக்கு ஒத்துக்கொண்டது. கைசேடோ செல்சிதான் வேண்டும் என்றார். கடைசியில் செல்சி, மேற்கொண்டு வரக்கூடிய தொகையையும் சேர்த்து 11.5 கோடிக்கு எடுத்தது. அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனை. மக் அலிஸ்டரும் கைசேடோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். இருவர் விலைக்கும் நடுவில் கிட்டத்தட்ட 8 கோடி பவுண்டு வித்தியாசம். பெரும்பகுதி காகிதத்தில் எழுதியிருந்ததால் வந்த வித்தியாசம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஆட்களை நிறுத்தி வைப்பது என்ற பேச்சையே நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். வளர்ந்து வருகிற கிளப் எதுவும் ஆளை நிறுத்தி வைக்க முடியாது. காலத்தை வாங்கலாம். இந்த சீசன் முடியட்டும், இந்த உலகக் கோப்பை முடியட்டும், இந்தப் பதினெட்டு ஆட்டம் முடியட்டும் என்று மாசக்கணக்கில் காலம் வாங்குவதுதான் அவர்கள் செய்கிற வியாபாரம். வாங்கிய காலத்தில் அடுத்தவனைத் தயார் பண்ண வேண்டும். பண்ணவில்லை என்றால் காலம் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

பிரைட்டனின் தலைமை நிர்வாகி பால் பார்பர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது. முக்கியமான ஒவ்வொரு பொறுப்புக்கும், இவர் நாளைக்குப் போனால் அடுத்து யார் என்று ஒரு பட்டியல் எப்போதும் கையில் இருக்கும். மேலாளருக்கும் உண்டு. பாட்டர் போன பத்தாவது நாள், செப்டம்பர் 18, இத்தாலியரான ராபர்ட்டோ டி செர்பி வந்தார். உக்ரைனின் ஷக்தாரில் இருந்தவர், போர் வந்ததால் அங்கிருந்து வெளியேறியவர். பாட்டரின் நகல் இல்லை அவர். முதல் ஐந்து ஆட்டத்தில் வெற்றியே இல்லை. அக்கா மகன் சாபம் விட்டுக்கொண்டிருந்தான்.

ஆறாவது ஆட்டம் அக்டோபர் 29. பாட்டர் தன் செல்சியைக் கூட்டிக்கொண்டு ஆமெக்ஸுக்கு வந்தார். இருபது நிமிடத்துக்குள் பிரைட்டன் இரண்டு கோல் முன்னிலை. முடிவு 4-1. செல்சிக்காரர்களே தங்கள் வலைக்குள் இரண்டு கோல் போட்டுக் கொடுத்தார்கள், பழைய முதலாளிக்கு தீபாவளி போனஸ் மாதிரி. டி செர்பிக்கு அதுதான் முதல் வெற்றி. மைதானம் பாட்டரைப் பார்த்துக் கத்தோ கத்து என்று கத்தியது. செல்சியின் பக்கம் குக்குரேயாவும் நின்றார். முந்தின வருடம் பிரைட்டனின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கியவர், ஒரே சீசனில் போனவர். அவர் போன கதையும் வேடிக்கைதான். யாருக்கும் விற்க ஒப்பந்தம் ஆகவில்லை என்று ட்விட்டரில் கிளப் காட்டமாக மறுப்பு வெளியிட்டது. இரண்டே நாளில் விற்றது. அந்த இரண்டு நாளில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

என் அக்கா மகன் குக்குரேயா பெயர் போட்ட சட்டை வாங்கி வைத்திருந்தான். ஆள் போனதும் எனக்கு போட்டோ அனுப்பி, பெயரை மட்டும் உரித்து எடுக்க முடியுமா மாமா என்று கேட்டான். முடியும், சூடு வைத்துப் பக்குவமாக உரித்தால் வரும், ஆனால் தடம் தெரியும் என்றேன். பிரைட்டன் மாதிரி ஒரு கிளப்பின் ரசிகனுக்கு இது ஒரு நிஜமான பிரச்சினை. யார் பெயரைப் போடுவது? ட்ரொசார்ட் பெயர் போட்டவர்களுக்கு 2023 ஜனவரியில் அடி விழுந்தது. டி செர்பியோடு மனஸ்தாபம், ஆர்சனலுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் ஏற்கெனவே மிட்டோமா தயாராக நின்றார். ஜப்பானிலிருந்து வாங்கி ஒரு வருடம் பெல்ஜியத்தில் ஆடவிட்டுக் கொண்டுவரப்பட்டவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பந்தை உருட்டிக்கொண்டு ஆளைக் கடப்பதைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். ட்ரொசார்ட் போன ஒன்பதாவது நாள், எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் அவர் போட்ட கோலை நான் யூனிட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

இதே மாதிரி வளர்ந்த இன்னொரு கிளப்பின் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிரைட்டன் ஏதோ மந்திரம் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும். அதே தென்கடற்கரையில், பிரைட்டனுக்கு மேற்கே சவுத்தாம்ப்டன். 2014இல் எட்டாம் இடத்தில் முடித்தார்கள். அந்தக் கோடையில் மேலாளர் போச்செட்டினோ டாட்டனமுக்குப் போனார். லல்லானா, லவ்ரன், லாம்பர்ட் மூவரும் லிவர்பூலுக்கு, லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. புதிதாக வந்த மேலாளர் ரொனால்ட் கூமன், ஆளே இல்லாத பயிற்சி மைதானத்தைப் படம் எடுத்து, பயிற்சிக்குத் தயார் என்று இணையத்தில் போட்டார். உலகமே சிரித்தது. அந்த சீசன் ஏழாம் இடம், அடுத்த சீசன் 63 புள்ளியோடு ஆறாம் இடம். அப்போது எல்லோரும் எழுதியது இன்று பிரைட்டனைப் பற்றி எழுதுகிற அதே வார்த்தைகளைத்தான்: யார் போனாலும் இவர்கள் அசைய மாட்டார்கள், இவர்களிடம் ஒரு முறை இருக்கிறது என்று.

அப்புறம் கூமனும் எவர்ட்டனுக்குப் போனார். மானே லிவர்பூலுக்கு. 2017 கோடையில் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கை லிவர்பூல் விதிமீறி அணுகியது என்று சவுத்தாம்ப்டன் புகார் கொடுக்க, லிவர்பூல் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியது. ஆறு மாதம் நிறுத்தி வைத்து 7.5 கோடி பவுண்டுக்கு அதே லிவர்பூலுக்கு விற்றார்கள். கைசேடோ கதையின் அச்சு இது. ஆனால் இங்கே காலம் வாங்கியும் அடுத்தவன் தயாராகவில்லை. இருபது அணியில் கடைசி மூன்று கீழ் லீகுக்கு இறங்க வேண்டும்; அந்த சீசனே பதினேழாம் இடத்தில் தொங்கித் தப்பித்தார்கள். 2023இல் கீழே இறங்கினார்கள், மேலே வந்து 2025இல் மறுபடி இறங்கினார்கள். விற்ற பணத்துக்குக் குறைவில்லை. அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் கண் மங்கிவிட்டது. ஒரு மானே போனால் இன்னொரு மானே எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஆட்கள் கிளப்புக்குள் இல்லாமல் போனார்கள்.

அதனால் பிரைட்டனைப் பார்க்கும்போது எனக்குப் பயம் வரும் இடம் வேறு. கைசேடோ போனதில் வரவில்லை, பாட்டர் போனதிலும் வரவில்லை. ஆள் தேடுகிறவர்கள் போவதுதான். தொழில்நுட்ப இயக்குநர் டான் ஆஷ்வொர்த் 2022 பிப்ரவரியில் விலகி நியூகாசிலுக்குப் போனார். உடனே விடவில்லை, சில மாதம் வீட்டிலேயே உட்கார வைத்து, பேரம் பேசி, அப்புறம்தான் அனுப்பினார்கள். ஆள் தேடும் பிரிவின் தலைவர் பால் வின்ஸ்டன்லி அதே வருடம் செல்சிக்குப் போனார். அந்த இடத்துக்கு வந்த சாம் ஜுவலும் பிறகு செல்சிக்கே போனார். செல்சிக்காரர்கள் ஒரு கட்டத்தில் மாவை விட்டுவிட்டு ஆட்டுக்கல்லையே தூக்கிக்கொண்டு போக முடிவு செய்துவிட்டார்கள்.

அப்படியும் ஆட்டுக்கல் முழுசாகப் போகவில்லை. அது உரிமையாளர் டோனி ப்ளூமிடம் இருக்கிறது. பிரைட்டனிலேயே பிறந்து வளர்ந்த ரசிகர். போக்கர் ஆட்டக்காரர், பந்தயத் தொழிலில் கணக்குப் போட்டுப் பணம் பண்ணியவர். உலகம் முழுக்க ஆட்டக்காரர்களை எண்களால் எடை போடும் அந்தக் கணக்கு அவர் கம்பெனி வழியாக வருவது. கிளப்பில் வேலை செய்கிறவர்களுக்கு விடை வருமே தவிர, வழிமுறை முழுதாகக் கையில் கிடைக்காது. ஊழியர் போனாலும் சூத்திரம் கூடப் போகாது. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளில் முதலாளி மட்டும் கலவையை நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுவார், அது மாதிரி.

பணமும் வந்தது. 2022-23 கணக்கில் பிரைட்டன் காட்டிய லாபம் 12.28 கோடி பவுண்டு. பிரீமியர் லீகில் அதுவரை எந்தக் கிளப்பும் அவ்வளவு காட்டியதில்லை. பாட்டரை எடுத்துப் போன செல்சி அதே சீசனில் பன்னிரண்டாம் இடம். பாட்டரை ஏழு மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் பிரைட்டன் செல்சி மைதானத்துக்கே போய் 2-1 என்று ஜெயித்தது. அக்கா மகன் அன்று அனுப்பிய குரல்பதிவில் சிரிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆனால் வலிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நடுக்களத்தின் இரண்டு தூண்களும் ஒரே கோடையில் போன பிறகு, 2023-24 சீசனில் அணி தள்ளாடியது. வியாழக்கிழமை ஐரோப்பா, ஞாயிற்றுக்கிழமை லீக், நடுவில் காயம் மேல் காயம். மார்செய், அயாக்ஸ், ஏதென்ஸின் ஏ.ஈ.கே. எல்லாம் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்து எனக்கு நாலு சந்தோஷமான ராத்திரி கொடுத்தார்கள். அப்புறம் ரோமில் 4-0 என்று வாங்கினார்கள். லீகில் பதினொன்றாம் இடம். டி செர்பியும் அந்த மே மாதம் கிளம்பினார். ஆள் வாங்கும் விஷயத்தில் அவருக்கும் கிளப்புக்கும் ஒத்துப்போகவில்லை என்று பரவலாக எழுதினார்கள். எனக்கு டி செர்பி மீது அனுதாபம் உண்டு. பத்து மாதம் ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்து, அவன் கை பழகும்போது ஓனர் வந்து விற்றுவிட்டேன் என்றால் எந்த மாஸ்டருக்குத்தான் மனசு ஆறும்? வீரர்களை விற்றே பிழைக்கும் கிளப்பில் நல்ல மேலாளர் நீடிக்க மாட்டார். அந்த முடிச்சை பிரைட்டனும் அவிழ்க்கவில்லை. அடுத்தவரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான். டி செர்பிக்குப் பின் வந்த ஃபேபியன் ஹூர்ட்சலருக்கு அப்போது வயது 31. பிரீமியர் லீகில் அதுவரை நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர்களில் அவ்வளவு இளையவர் யாரும் இல்லை. முதல் சீசனிலேயே எட்டாம் இடம்.

எல்லோரையும் ஒரு வருடம் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் லெவர்குசன் இருக்கிறது. 2023-24இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம். மேலாளர் சாபி அலோன்சோவை பெரிய கிளப்புகள் கேட்டன. மார்ச் மாதமே அவர், நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். விர்ட்ஸும் மற்றவர்களும் இருந்தார்கள். 2025 கோடையில் அணை உடைந்தது. அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்கு; ஆட்டக்காரர்களில் விர்ட்ஸ், ஃப்ரிம்பாங் இருவரும் லிவர்பூலுக்கு, ஜொனாதன் டா பயர்னுக்கு, ஷாக்கா சண்டர்லாந்துக்கு. புதிதாக வந்த டென் ஹாக்கை இரண்டே லீக் ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வருடத்துக்கு ஒருவர் இருவராகப் போவது நல்லது என்று எனக்குத் தோன்றியது அதைப் பார்த்துத்தான். மொத்தமாக நிறுத்தினால் மொத்தமாகப் போகிறார்கள். ஆனால் அந்த ஒரு வருடம் தோற்காமல் நின்ற ஊர்க்காரனிடம் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவான்.

அக்கா மகன் அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரர் வயசானவர், பரம்பரை பிரைட்டன் ரசிகர். பாட்டர் போன அன்று பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து, டீ போட்டுக் கொடுத்து, பழைய கதை சொன்னாராம். கிளப்பின் கோல்ட்ஸ்டோன் மைதானத்தையே 1995இல் விற்றுவிட்டார்கள், 1997இல் அணி வெளியேறியதும் அங்கே கடைகள் வந்துவிட்டன. அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் ஹியர்ஃபோர்டில் 1-1 என்று சமன் செய்துதான் லீகைவிட்டே வெளியே விழாமல் தப்பினார்கள். இரண்டு வருடம் எழுபது மைல் தள்ளி ஜில்லிங்கத்தில் 'சொந்த ஊர்' ஆட்டம். அப்புறம் பன்னிரண்டு வருடம் வித்டீன் என்ற ஓட்டப்பந்தய மைதானத்தில், கூரையில்லாத இருக்கையில் மழையில் நனைந்துகொண்டு. 2011இல்தான் ஃபால்மருக்கு வந்தார்கள். "மைதானமே போன ஊர் தம்பி, ஒரு மேலாளர் போனதற்கா அழுவது" என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார். பையனுக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கு இருந்தது.

2019க்கு அப்புறம் நான் செய்தது ஒன்றே ஒன்று. மாஸ்டருக்குத் துணி விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருத்தன் இருந்தான். வெளியிலிருந்து ஆள் கூப்பிடாமல் கத்தியை அவன் கையில் கொடுத்தேன். முதல் மாதம் துணி கொஞ்சம் வீணாகத்தான் போனது. இப்போது அவன் பக்கத்தில் துணி விரிக்கிறவனுக்கும் வாரத்தில் ஒருநாள் வெட்டக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் முகம் சுளிக்கிறான். தன் இடத்துக்கு ஆள் தயார் பண்ணச் சொல்கிறார் ஓனர் என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. கைசேடோவுக்குப் பின்னால் கார்லோஸ் பலேபாவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மற்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அந்த பலேபாவையும் 2025இல் மான்செஸ்டர் யுனைடெட் விரும்பியது. பிரைட்டன் அப்போது விடவில்லை. காலம் வாங்கியிருக்கிறார்கள்.

போன மாதம் காங்கேயம் ரோட்டில் ஒரு டீக்கடையில் பழைய மாஸ்டரைப் பார்த்தேன். ஆள் கொஞ்சம் பெருத்திருந்தார். பெரிய கம்பெனியில் இப்போது மெஷின்தான் வெட்டுகிறதாம், இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறாராம்.

"உங்க யூனிட்ல இப்ப யாருங்கண்ணா கட்டிங்?"

சொன்னேன்.

"அவனா? அவனுக்குக் கை நேரா நிக்காதுங்களே."

"இப்ப நிக்குது" என்றேன்.

சிரித்தார். நான் பர்ஸை எடுப்பதற்குள் இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.